உட்கார மறுத்த மாப்பிள்ளை

அத்தியாயம் 6

பனகல் பூங்காவின் நான்காவது சுற்றில் கிளிஃபர்ட் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான்.

"மேடம், திருடனைத் தொரத்துனா ஒரு நாயம் கீது. இவரு நம்ம கட்சிக்காரரு. கட்சிக்காரரையே தொரத்திக்கினு ஓடறோமே, இது இன்னா கேஸு?"

"நிக்காதே. நின்னா அடுத்த சுத்துல அவர் நம்மைப் பின்னாலேருந்து பிடிச்சிடுவார்" என்றாள் மதுவந்தி.

அவர் என்றால் ஸ்ரீரங்கன். வயது ஐம்பத்து நான்கு. தியாகராய நகர் வங்கிக் கிளை ஒன்றில் தலைமைக் காசாளர். மடிப்புக் கலையாத சட்டையும் வேஷ்டியுமாக, ஏதோ ரயிலைப் பிடிக்கப் போகிறவர்போல் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, அவருக்கு இரண்டாம் கல்யாணம். மணப்பெண் விசாலாக்ஷி, கோபாலபுரத்தில் கணக்கு டீச்சர், நாற்பத்தொன்பது வயது வரை கல்யாணத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லாமல் இருந்துவிட்டவள். பூங்கா பெஞ்சில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீரங்கன் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு டம்ளர் மோரை நீட்டினாள். அவர் நடந்தபடியே வாங்கிக் குடித்து, அடுத்த சுற்றில் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

மயிலாப்பூரில் பாத்திரக்கடை மாடியில் ஒன்பது வருஷமாக மாப்பிள்ளை விசாரணை நடத்துகிறவள் மதுவந்தி. கிளிஃபர்ட் அவள் உதவியாள். பையன் சிகரெட் பிடிக்கிறானா, வேலை நிஜமா, வெளியூரில் இன்னொரு குடும்பம் இருக்கிறதா என்று கேட்டு வருவார்கள். மாப்பிள்ளை ஏன் உட்கார மாட்டேன் என்கிறார் என்று கேட்டு வந்த முதல் மணப்பெண் விசாலாக்ஷிதான். துரத்தல் தொடங்கும் முன், காலையில் இதே பெஞ்சில் அவள் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமைலேர்ந்து ஆறு நாளா இப்படித்தான். சாப்பாடு தட்டைக் கையில வச்சுண்டு கூடத்தைச் சுத்தி வந்துண்டே. ராத்திரி படுத்தா சைக்கிள் மிதிக்கற மாதிரி காலை ஆட்டிண்டே தூங்கறாராம். அவர் தங்கை சொல்லி அழறா. கல்யாணத்துல ஹோமத்துக்கு முன்னாடி மூணு மணி நேரம் மணையில உட்காரணும். 'என்னால முடியாது, கல்யாணத்தை நிறுத்திடு விசாலம்'ங்கறார்."

காரணம் அவள் கைப்பையில் இருந்தது. இதயப் பரிசோதனை ரிப்போர்ட்.

யாரும் கேட்காமல் ஸ்ரீரங்கனே போய் எடுத்துக்கொண்ட பரிசோதனை அது. முதல் மனைவி நோயில் போனவள். இந்த வயதில் ஒரு பெண்ணைக் கைப்பிடித்துவிட்டு அவளைத் தனியாக விட்டுப் போய்விடக் கூடாது என்று நினைக்கிற மனிதர். இதயம் நன்றாக இருந்தால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

"தாலியம்னு ஒரு மருந்தை ஊசியில போடுவா" என்று விசாலாக்ஷி வகுப்பில் சொல்வதுபோல் விளக்கினாள். "காலைல ஓடற பெல்ட்டு மேல நடக்க விட்டு, இதயம் வேகமா அடிக்கறப்போ ஊசி போட்டு ஒரு படம். நாலு மணி நேரம் கழிச்சு, ஓய்வுல இன்னொரு படம். ரெண்டையும் மேலும் கீழுமா வச்சுப் பார்ப்பா."

"தாலிக்கு முன்னாடி தாலியம்" என்றான் கிளிஃபர்ட். காலையிலிருந்து மூன்றாவது முறை. மதுவந்தி முறைத்தாள்.

படத்தில் இரண்டு வரிசையாக வண்ண வட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை.

"அட, உளுந்து வடை!" கிளிஃபர்ட் எட்டிப் பார்த்தான். "மேல் வரிசையில முழு வடை. கீழ் வரிசையில யாரோ ஒரு கடி கடிச்சிட்டான்."

"கடிச்ச இடத்துல ரத்தம் சரியா போகலைன்னு அர்த்தம்" என்றாள் விசாலாக்ஷி. "மேல் வரிசை நடந்தப்போ எடுத்தது. கீழே ஓய்வுல எடுத்தது. அதாவது இவர் நடந்தா இதயம் நன்னா இருக்கு, சும்மா இருந்தா கெட்டுப் போறது. வழக்கத்துக்கு மாறா இருக்கு, மறுபடி எடுத்துப் பாருங்கோன்னு எழுதியிருக்கா. டாக்டர் டெல்லியில மாநாட்டுல இருக்கார், திங்கட்கிழமைதான் வருவார். அதுவரைக்கும் உட்காராம இருந்துட்டா சாகமாட்டேன்னு இவர் முடிவு பண்ணிட்டார்."

மதுவந்தி படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். முழு வடையின் ஓட்டை சின்னது. கடித்த வடையின் ஓட்டை பெரியது. வடையே பெரியது.

"கிளிஃபர்ட், காலையில முழுசா இருந்த வடையை மத்தியானம் யார் கடிச்சது?"

"நான் இல்ல மேடம்."

"யாரும் கடிக்கலை. இது ரெண்டு வடை. ரெண்டு அச்சு. ஒரு ரிப்போர்ட்டுல ரெண்டு பேரோட இதயம் இருக்கு."

அதன் பிறகுதான் அவள் ஓட ஆரம்பித்தாள். நான்கு சுற்றுக்குப் பிறகு இப்போது ஸ்ரீரங்கனை எட்டிப் பிடித்து அவர் வேகத்துக்கு நடந்தபடி கேட்டாள். "சார், அன்னிக்கு உங்க பக்கத்துல இன்னொருத்தர் இருந்தாரா?"

"ஒருத்தர் இல்லை, அஞ்சு பேர் இருந்தோம். ஆளுக்கொரு டோக்கன். ஆனா ஒருத்தர் ரொம்ப நல்ல மனுஷர். பாவம், பசி தாங்கலை அவருக்கு, சர்க்கரை வியாதி வேற. என் டோக்கன் ரெண்டு, அவர் டோக்கன் அஞ்சு. மாத்திண்டோம். அப்புறம் திருப்பிக் கொடுத்துட்டார். நாணயமானவர்."

"டோக்கனை மாத்தினா உங்க பேர்ல அவர் படம் வந்துடும்னு தோணலையா?"

ஸ்ரீரங்கன் அவளை ஒரு சின்னக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "முப்பது வருஷமா கவுண்டர்ல இருக்கேன். டோக்கன் யார் கையில இருக்கோ, சரக்கு அவருக்குப் போய்ச் சேரும். ஒவ்வொருத்தரா பேரைக் கேட்டுண்டிருந்தா கூட்டம் நகருமா?"

"இது பணம் இல்லை சார். இதயம்."

அவர் வேகம் ஒரு கணம் தடுமாறியது.

பசி என்றதும் மதுவந்தியின் மனதில் மத்தியானச் சாப்பாடு வந்து நின்றது. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மத்தியானப் படம்தான் மாறியிருக்கிறது. அப்படியானால் கடித்த வடை அந்த நல்ல மனுஷருடையது. அவரைப் பிடித்து அவர் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் இவர் உட்கார்ந்துவிடுவார்.

"அவர் பேர் என்ன சார்?"

"நாலு மணி நேரம் பேசிண்டிருந்தோம். நாலு பொண்ணு. மூணாவது குவைத்துல நர்ஸ். மாமனாரோட எழுபத்தெட்டுலேர்ந்து பேச்சுவார்த்தை இல்லை. காலைல சர்க்கரை நூத்தி எண்பது..."

"பேர்?"

ஸ்ரீரங்கன் யோசித்தார். "சார்."

"சாரா?"

"நான் அவரை சார்னேன். அவர் என்னை சார்னார்."

கிளிஃபர்ட் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "கரெக்ட் மேடம். நம்ம ஊர்ல பேரு கேட்டா சண்டைக்கு வந்துட்டான்னு அர்த்தம்."

ஓடக் கிளம்பும் முன்பே பரிசோதனை நிலையத்துக்குப் போன் பண்ணியாகிவிட்டது. எங்களிடம் எதுவும் மாறாது, யார் பேரும் சொல்ல மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள். மதுவந்திக்கு மிச்சம் இருந்தது ஸ்ரீரங்கனின் ஞாபகம் மட்டும்தான்.

"பார்க்க எப்படி இருப்பார்?"

"கழுத்துல சிலுவை. நெற்றியில தொப்பி மறைச்ச அளவுக்கு வெளுப்பு. காலைப் பார்த்தேன், விசித்திரமா இருந்தது. முழங்கால்லேர்ந்து கீழே நல்ல கறுப்பு. கணுக்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை வெளேர்னு."

"வேற?"

"வந்த உடனே எங்க அஞ்சு பேரையும் உயரப்படி வரிசையா நிக்க வச்சார். ஏன்னு தெரியலை. நாங்களும் நின்னோம்."

மதுவந்தி சிரித்துவிட்டாள். "அரை டிராயர், சாக்ஸ், கேன்வாஸ் ஷூ, வெயில், உயரப்படி வரிசை. பி.டி. மாஸ்டர்! இந்த ரிப்போர்ட் இப்படின்னா அவர் ரிப்போர்ட் தலைகீழா இருக்கும். நடந்தா ஆபத்து, ஓய்வுல இருந்தா நல்லதுன்னு. கிளிஃபர்ட், நமக்கு வேணுங்கறது வெள்ளிக்கிழமையிலிருந்து எழுந்திருக்காத ஒரு பி.டி. மாஸ்டர்."

எதிரே எஸ்.டி.டி. பூத். டைரக்டரியில் கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களாகப் பார்த்து கிளிஃபர்ட் எண்களைச் சுழற்றினான். பூத்துக்காரர் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வணக்கங்க, ஒரு சின்ன வெசாரணை. உங்க பி.டி. மாஸ்டர் நின்னுக்கினு கீறாரா, குந்திக்கினு கீறாரா? ...இல்லீங்க, குடிச்சிட்டுப் பேசல."

இரண்டு பள்ளிகள் போனை வைத்துவிட்டன. மூன்றாவது சாந்தோமில். அங்கே ஆபீஸ் குமாஸ்தா நீண்ட பெருமூச்சு விட்டார்.

"குந்திக்கினுதான் கீறாரு. வெள்ளிக்கிழமைலேர்ந்து. உங்களுக்கு யாரு சொன்னது?"

பட்டினப்பாக்கம் போகும் பஸ்ஸில் ஏழு சீட் காலியாக இருந்தது. ஸ்ரீரங்கன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நடந்தபடி வந்தார். கண்டக்டர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். பிறகு, "சார் வூட்டுக்கு நடந்தே போறாருபா, உட்டுரு" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார். விசாலாக்ஷி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மதுவந்தியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பதினோரு வருஷம்" என்றாள் விசாலாக்ஷி திடீரென்று. "மாசம் ஒரு தடவை சம்பளம் எடுக்கப் போவேன். என் டோக்கன் நம்பரை மட்டும் மெதுவா கூப்பிடுவார். மத்தவாளுக்கெல்லாம் கத்துவார். பதினோரு வருஷம் கழிச்சுதான் எனக்கு அது புரிஞ்சது. கணக்கு டீச்சராம்."

சாந்தோம் பள்ளி மைதானத்தில் விளையாட்டு விழாவுக்கு அணிவகுப்புப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. முன்னால் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று. அதன்மேல் கயிற்றால் கட்டிய மர நாற்காலி. நாற்காலியில் அரை டிராயரும் விசிலுமாக ஒரு கனத்த மனிதர். பள்ளிக்கூட வாட்ச்மேன் வண்டியை மிதித்துக்கொண்டிருக்க, அறுபது மாணவர்கள் பின்னால் லெஃப்ட் ரைட் போட்டு வந்தார்கள்.

"மேடம், தேர் திருவிழா" என்றான் கிளிஃபர்ட்.

"சார்!" என்று கத்தினார் ஸ்ரீரங்கன்.

"சார்!" என்று கத்தினார் நாற்காலிக்காரர். "டிஸ்மிஸ்!" என்று மாணவர்களை விரட்டினார். "வாங்க சார், வாங்க! எந்திரிச்சு கை குடுக்க முடியல, மன்னிக்கணும். ஏன் நிக்கிறீங்க, உக்காருங்க."

"ஐயோ, உட்கார முடியாது சார். மன்னிக்கணும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் மிகுந்த இரக்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படியே உங்க பேரையும் சொல்லிடுங்க சார்" என்றான் கிளிஃபர்ட்.

"பிரகாசம். இருபத்தேழு வருஷமா இங்க பி.டி. மாஸ்டர். இவரு கூட டெஸ்டுக்குப் போனேன். நடந்தா ஹார்ட் தாங்காதுன்னுட்டாங்க."

ரிப்போர்ட் அவர் நாற்காலிக்கு அடியிலேயே இருந்தது. விசில், தண்ணீர் பாட்டில், ரிப்போர்ட். மதுவந்தி இரண்டு படங்களையும் வண்டிப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிரகாசத்தின் படத்தில் மேல் வரிசை கடித்த வடை, பெரியது. கீழ் வரிசை முழு வடை, சின்னது. அவள் விரலால் குறுக்காகக் கோடு போட்டாள். இதன் மேலும் அதன் கீழும் ஒரே அச்சு. அதன் மேலும் இதன் கீழும் ஒரே அச்சு.

"ரெண்டு பேர், ரெண்டு இதயம். பாதிப் பாதி கலந்துபோச்சு. நடந்தா ஒரு மாதிரி, உட்கார்ந்தா ஒரு மாதிரின்னு யாருக்கும் இல்லை. ஒருத்தருக்கு எப்பவும் முழுசு. இன்னொருத்தருக்கு எப்பவும் அந்தக் கடி இருக்கு. பழைய தழும்பு மாதிரி." அவள் ஸ்ரீரங்கன் பக்கம் திரும்பினாள். "முழுசு உங்களோடது சார்."

ஸ்ரீரங்கனின் கால்கள் நின்றன. ஆறு நாளில் முதல் முறையாக நின்றன. மைதானத்தின் ஓரம் இருந்த சிமெண்ட் படியைப் பார்த்தார், மெதுவாகப் போனார், உட்கார்ந்தார். ஐந்து விநாடி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. விசாலாக்ஷி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்து, டம்ளரைப் பார்க்காமல் மோரை அவர் வேஷ்டியிலேயே ஊற்றிவிட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மதுவந்தி பிரகாசத்திடம் குரலைத் தாழ்த்தினாள். "சார், உங்களுக்குத்தான்..."

"பரவால்லம்மா. கர்த்தர் குடுத்தது. இவரு நல்லா இருக்கட்டும், புது மாப்பிள்ளை" என்றார் பிரகாசம் பெருந்தன்மையாக. "எதுக்கும் அந்தப் பேப்பரைக் குடுங்க. எங்க தெரு டாக்டர் கடைசி வரியை மட்டும்தான் படிச்சுக் காட்டினாரு." சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். நெற்றியின் வெளுத்த பகுதி சிவக்க ஆரம்பித்தது.

"இன்னாது? பெல்ட்டு மேல நடந்தது அஞ்சு நிமிஷமா?"

"சார், டென்ஷன் ஆகாதீங்க..."

"அஞ்சு நிமிஷத்துல எறங்கற ஆளா நானு? இந்தப் பிரகாசமா? பன்னண்டு நிமிஷம் நடந்தேன்! ஸ்பீடு பத்தலன்னு அந்த நர்ஸம்மாவைச் சத்தம் போட்டேன்! 'போதும் எறங்குங்க'ன்னு அவங்கதான் கெஞ்சினாங்க!" சொல்லிக்கொண்டே நாற்காலியிலிருந்து எழுந்து, மீன்பாடி வண்டியிலிருந்து கீழே குதித்துவிட்டார். வாட்ச்மேன் சிலுவை போட்டுக்கொண்டான். பிரகாசத்துக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

மதுவந்தி ஸ்ரீரங்கனின் ரிப்போர்ட்டைத் திருப்பினாள். நடந்த நேரம் பன்னிரண்டு நிமிஷம். காலையிலேயே பார்த்த எண். பார்த்துவிட்டுத் தாண்டிப் போன எண்.

"பிரகாசம் சார்" என்றாள் மெல்ல. "டோக்கனை எப்ப மாத்தினீங்க?"

"காலையிலதான். முந்தின நாள் ராத்திரிலேர்ந்து பட்டினிம்மா, தலை சுத்திச்சு. சீக்கிரம் நடந்து முடிச்சா எதாவது சாப்பிடலாமேன்னு இவரு பெரிய மனசு பண்ணி ரெண்டாம் நம்பரைக் குடுத்தாரு. மத்தியானம் அவங்கவங்க டோக்கன் அவங்கவங்க கிட்ட."

மத்தியானம் மாறவில்லை என்றால், மத்தியானம் எடுத்த படம் அவரவருடையது. ஸ்ரீரங்கனின் மத்தியானப் படம் கடித்த வடை.

"அந்த அஞ்சு நிமிஷம் நான்தான்" என்றார் ஸ்ரீரங்கன். "கால் கெஞ்சினது. பெல்ட்டை நிறுத்தச் சொன்னேன்."

"தப்பு என்னோடது சார்" என்றாள் மதுவந்தி. "பசின்னதும் நானா மத்தியானம்னு முடிவு பண்ணிட்டேன். உங்களைக் கேட்டிருக்கணும்."

அவர் எழுந்துவிட்டார். ஆனால் நடக்கவில்லை. வேஷ்டியில் மோர்க் கறையோடு அப்படியே நின்றார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் நெஞ்சைப் பிடிச்சது. வாயுன்னு ஓமம் தின்னுட்டு ஆபீஸ் போனேன். அதுதான் இது போலிருக்கு." அவர் விசாலாக்ஷியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "சொன்ன சொல்லு சொன்னதுதான் விசாலம். என் காவேரி போறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில இருந்தப்போ, கட்டிலுக்கும் வராந்தாவுக்குமா எட்டு நாள் அலைஞ்சேன். ஒருத்தர் போனப்புறம் தனியா நிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உனக்கு அது வேண்டாம். மண்டபத்துக்கு நானே போய்ச் சொல்லிடறேன்."

பிரகாசம் விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்துவிட்டார்.

விசாலாக்ஷி பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினாள். அவசரப்படவில்லை.

"திங்கட்கிழமை டாக்டர் வந்துடுவார். நீங்க போவேள். மறுபடி டெஸ்ட் எடுப்பா, அட்மிட் ஆகச் சொன்னாலும் சொல்லுவா. அப்போ ஒரு ஃபாரம் தருவா. கூட வந்தவர் நோயாளிக்கு என்ன உறவுன்னு ஒரு கோடு போட்டிருக்கும். நான் அதுல என்ன எழுதறது?"

"விசாலம்..."

"தெரிஞ்சவள்னு எழுதட்டுமா? அவர் கவுண்டர்ல சம்பளம் வாங்கினவள்னு எழுதட்டுமா? அப்படி எழுதினா, நீங்க சொன்ன அதே வராந்தாவுலதான் என்னை நிறுத்துவா. கல்யாணம் நின்னா நான் கவலைப்படறது நின்னுடுமா? வெளியில நின்னுண்டு கவலைப்படுவேன், அவ்வளவுதான் வித்தியாசம். வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தா, திங்கட்கிழமை நான் உள்ளே வரலாம். இதுல எங்கே கணக்கு தப்பா இருக்கு, காட்டுங்கோ."

ஸ்ரீரங்கன் காசைச் சரிபார்ப்பதுபோல் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். தப்பு எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது.

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கிளிஃபர்ட் கீழே குனிந்து, அவிழாத தன் ஷூ லேசை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தான்.

ஸ்ரீரங்கன் சிமெண்ட் படியைப் பார்த்தார். அதன் நடுவில், புடவை விசிறிக் கிடக்க, விசாலாக்ஷி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் நகர்ந்துக்கோ விசாலம்" என்றார்.